கடைசியாகக் கதவைச் சாத்துகிறவர்

மற்ற கால்பந்து அணிகளில் கேப்டன்தான் முதல் ஆளாக மைதானத்துக்குள் நுழைவான். இவர் அப்படியில்லை. எல்லோரையும் முன்னால் அனுப்பி, உடை மாற்றும் அறைக் கதவைத் தன் கையால் சாத்திவிட்டுக் கடைசியாகத்தான் வருவார். பத்திரிகைக்காரர்கள் அதையும் பெரிதாக எழுதினார்கள். அவர்களுக்கென்ன, எழுதினால் கூலி.

அதைவிடப் பெரிதாக எழுதியது இன்னொன்று. இந்தக் கேப்டனின் ஆட்கள் தரையில் கிடக்க மாட்டார்கள். அடிபட்டு ஒருவன் விழுந்தால் இவர் ஓடிப்போய் அவன் காதருகே குனிவார்.

"எந்திரிடா. அவனுங்க பாக்குறானுங்க."

அவ்வளவுதான். கிடந்தவன் எழுந்துவிடுவான். அந்த ஒரு பேச்சில் கோப்பைகள் வந்தன. கிளப் வாசலில் இவர் படத்தை ஆளுயரத்துக்கு மாட்டினார்கள்.

போன வருடம் விழுந்தவன் இவருடைய மச்சான், கூடப்பிறந்த தங்கையின் புருஷன். எதிரணிக்காரன் முழங்கை நெற்றிப்பொட்டில் இறங்கியது. இவர் குனிந்து சொன்னார். மச்சான் எழுந்தான், சிரிக்கக்கூடச் செய்தான். கடைசி விசில் வரைக்கும் ஓடினான். அப்புறம் குளிக்கப் போனவன் குழாயடியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன்தான். அங்கேயும் இவர் குனிந்து, காதில் அதையே சொல்லிப் பார்த்தார்.

அன்றிலிருந்து அந்தச் சத்தம். கதவைச் சாத்திவிட்டு நடைவழியில் நடந்தால், பின்னாலேயே பூட்ஸ் ஆணி சிமெண்டில் தட்டும். டக், டக், சர்ர். மச்சான் இடதுகாலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பான். இவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்து, ஆள் இல்லாவிட்டால் பயம். இருந்துவிட்டால் அதைவிடப் பயம்.

இன்று இறுதி ஆட்டம். இவர் ஆடப்போகும் கடைசி ஆட்டமும் இதுதான். காலையில் தங்கை டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். புருஷன் போனபின் அவள் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். வருடம் முழுக்க அந்தப் பேச்சை எடுத்ததே கிடையாது.

"கோப்பையோட விட்டுடலாம்னு பாக்குறேன்" என்றார் இவர்.

"வாங்கு, வாங்காமப் போ. இன்னிக்கு யாரையும் எழுப்பாதண்ணா. நீ எழுப்பிட்டு வந்தேன்னு கேள்விப்பட்டா, இந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன்."

இவர் டீயைக் குடித்தார்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். உயரத்தில் வந்த பந்துக்கு, அணியில் எல்லோரும் மொட்டை என்று கூப்பிடும் பையன் எகிறினான். தடுப்பாட்டத்தில் அவனை விட்டால் ஆளில்லை. சொந்த கோல்கீப்பரின் முழங்காலே அவன் தலையில் மோதியது. மூட்டை மாதிரி விழுந்தான்.

"எழுப்புய்யா! மாத்த ஆளில்ல!" என்று கோட்டுக்கு வெளியே நின்று கோச் கத்தினார். கூட்டம் முன்கூட்டியே கைதட்ட ஆரம்பித்தது. கேப்டன் குனியப்போகிறார் என்று அவர்களுக்குத் தெரியும்.

குனிந்தார். மொட்டை ஒரு கண்ணைத் திறந்தான்.

"அண்ணே, சொல்லுங்க. சொன்னா எந்திரிச்சிடுவேன்."

"என்னடா தெரியுது உனக்கு?"

"ரெண்டு அண்ணன் தெரியுறீங்க. ஒருத்தரையே தாங்க முடியல."

பழக்கம் பொல்லாதது. அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது கேட்டது. டக், டக், சர்ர். புல்லில் பூட்ஸ் ஆணிக்கு ஏது சத்தம்? ஆனாலும் கேட்டது. இவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"படுடா" என்றார்.

"அண்ணே, அவனுங்க பாக்குறானுங்க..."

"பாக்கட்டும். படு." எழப்பார்த்தவன் நெஞ்சில் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார், ஸ்ட்ரெச்சர் வரும்வரை.

ஒரு ஆள் குறைவு. அடுத்தடுத்து இரண்டு கோல் வாங்கினார்கள். கோப்பை போயிற்று. கைதட்டிய அதே கூட்டம் ஊளையிட்டது.

"ஒரு வார்த்தை சொல்ல என்னய்யா கேடு உனக்கு?" என்று கோச் வழிமறித்துக் கேட்டார். இவர் கேப்டன் கைப்பட்டையைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

எல்லோரும் உள்ளே போனபின் கடைசியாக அறைக்கு வந்தார். சட்டை, பந்து, பூட்ஸ் எல்லாம் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கதவருகே நின்றிருந்தார்.

"மொட்டை ஆஸ்பத்திரில தெளிவாப் பேசுறானாம். தோத்ததுக்கு உங்களைத்தான் திட்டுறானாம். உங்க தங்கச்சி போன் பண்ணுச்சு. எத்தன மணிக்கு வருவீங்க, சாப்பாடு எடுத்து வைக்கணும்னு கேட்டுச்சு."

இனி அந்தச் சத்தம் இருக்காது என்று இவர் நினைத்தார். கதவில் கை வைத்தார்.

டக், டக், சர்ர். நடைவழியின் கோடியிலிருந்து, அவசரமே இல்லாமல்.

"சாத்துங்க கேப்டன், பத்திரிகைக்காரனுங்க வந்துருவானுங்க" என்றார் பெரியவர்.

"இருங்க. இன்னும் ஒருத்தன் வரணும்."

பெரியவர் அறைக்குள் இருந்த தலைகளை எண்ணிப் பார்த்தார். இவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவை விட்டுத் தள்ளி நின்றார்.

இவர் இந்த ஒரு வருடத்தில் முதல்முறையாகத் திரும்பி, நடைவழியைப் பார்த்து நின்றார். சத்தம் பக்கத்தில் வந்ததும் வழிவிட்டு ஒதுங்கினார். அது இவரைத் தாண்டி, குழாயடிப் பக்கம் போனது.

"மெதுவா, மச்சான்" என்றார்.

பிறகு கதவைச் சாத்தினார்.