திரும்பி வராதவர்களின் கணக்கு

1

இந்தக் கதை என் மூக்கு வழியாக உள்ளே வந்தது. இழுப்பு வந்து, ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஹெலன் என்ற நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முகமூடி போட்டவன் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. ஆகவே காதில் விழுந்தது பாதி, நான் உண்டாக்கியது பாதி. எது எந்தப் பாதி என்று இப்போது எனக்கே தெரியவில்லை. அதனால் இரண்டையும் உண்மை என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சங்கரன்கோவில் கோபுரத்தின் மேல் காலை வெயில்…’ அடித்துவிட்டேன். கோபுரத்துக்கு மூச்சிரைப்பு கிடையாது.

அடுத்து: ‘ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய்களின்…’ இந்த வரியை எழுதும்போதே எனக்குத் தூக்கம் வந்தது. உங்களை எந்த முகத்தோடு எழுப்புவேன்?

2

கொஞ்சம் விளக்கம் தேவைப்படுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் நிர்மலாதேவி ஓர் ஆராய்ச்சி நடத்துகிறார். ஆஸ்துமாவுக்கு ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வீட்டுக்குப் போனவர் ஒரு மாதத்துக்குள் திரும்ப வந்து படுத்தால் கணக்கில் ஒரு கரும்புள்ளி. வராவிட்டால் நல்ல புள்ளி. வீட்டுக்குப் போகிறவருக்கு இன்ஹேலர் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது ஹெலனின் வேலை. கூடவே, மூச்சும் நாடியும் நின்றுபோனால் நெஞ்சை அமுக்கி உயிரைப் பிடித்துவைக்கும் வித்தையை வீட்டார் ஒருவருக்குப் பழக்குவாள். நல்ல புள்ளிகள் கூடினால் இந்தப் பாடம் நடத்தவென்றே ஆஸ்பத்திரியில் ஒரு நிரந்தர நர்ஸ். ஹெலனைத் தவிர வேறு யார்?

அமுக்கிப் பழக ஒரு பொம்மை உண்டு. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ரப்பர் ஆசாமி. போதிய ஆழத்துக்கு நெஞ்சை அமுக்கினால் உள்ளே ‘டிக்’ என்று கேட்க வேண்டும், கேட்டால் பாஸ். ஊரெல்லாம் அமுக்கி அமுக்கி உள்ளிருந்த ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. இப்போது சும்மா தொட்டாலும் ‘டிக்’. யார் மனதையும் நோகடிக்காத பொம்மை.*

* ஒரு முறை ஈ உட்கார்ந்து பாஸானதாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. அந்த ஈயும் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

3

முத்துக்கிருஷ்ணன் வீட்டோடு விசைத்தறி வைத்திருப்பவர். பஞ்சுத்தூசி அவர் நெஞ்சுக்குள் குடியேறிப் பல வருஷமாகிறது. (‘கறுத்த, மெலிந்த, கண்ணில் சோகம் ததும்பும்…’ இல்லை. ஆள் குண்டு. சோகமெல்லாம் கிடையாது.)

அவருடைய மாதம் முடிய ஒரு நாள் மிச்சம். அவர் மனைவிக்குப் பழக்கியது மறந்துபோகாமல் இருக்கிறதா என்று பார்க்க ஹெலன் பொம்மையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அந்தத் தெருவில் தறிச் சத்தத்துக்குப் பழகிய கோழிகள் சத்தம் நின்றால்தான் விழிக்கும். அன்றைக்கு அவர் வீட்டுக் கோழிகள் எல்லாம் விழித்திருந்தன.

தறிச் சட்டத்தில் இரண்டு கையையும் ஊன்றி, தோள் உயர்த்தி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“வா தாயி.” இடைவெளி. “உக்காரு.”

“எப்படி இருக்கீங்க அண்ணாச்சி?”

“நல்லா.” இடைவெளி. “இருக்கேன்.”

“தறி ஏன் நிக்குது?”

“கரண்டு… இல்ல.”

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஹெலன் அதைப் பார்த்தாள். அவரும் பார்த்தார், ஏதோ அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதுபோல.

“சரி. காலைல என்ன சாப்பிட்டீங்க, எங்க வாங்குனீங்க, சட்னி எப்படி இருந்திச்சு, நிறுத்தாம ஒரே மூச்சுல சொல்லுங்க பாப்போம்.”

“இட்லி… அந்த… பஸ்ஸ்டாண்டு…”

(நான் வாக்கியங்களைப் பாதியில் விடுவது எழுத்தாளன் என்ற திமிரில். இவர் விடுவதற்குக் காரணம் வேறு. முழு வாக்கியம் பேச முடியாத ஆஸ்துமாக்காரரை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இது ஹெலனுக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.)

அவள் இன்ஹேலரை எடுத்து அவருக்கு மருந்து கொடுத்தாள். திரும்பவும் கொடுத்தாள். நெஞ்சு விட்டுக்கொடுக்கவில்லை. 108-க்குப் போன் போட்டாள்.

“அவுக நல்லாத்தான் இருக்காக,” என்றாள் அவர் மனைவி ராஜேஸ்வரி. “இன்னைக்கோட மாசம் முடியுதுல்லா? நாளைக்கு நானே கூட்டிட்டு வாரேன்.”

“மதினி, எப்பலேர்ந்து இப்படி?”

“ரெண்டு மூணு நாளா. உங்க கணக்குல புள்ளி விழுந்திரும், நம்மால அந்தப் பிள்ள வேல போவணுமான்னு சொல்லிட்டாக. சொன்னா சொன்னதுதான்.”

“மூச்சு நின்னுட்டுன்னா?”

“அமுக்க மாட்டேனா? நீங்கதான பாஸ் போட்டீங்க.”

4

இங்கே எனக்கு ராஜேஸ்வரி மேல் சந்தேகம் வந்தது. கட்டின புருஷன் இரைத்துக்கொண்டிருக்க ஒருத்தி இப்படிச் சும்மா இருப்பாளா? அவளைக் கல்நெஞ்சுக்காரியாக்கிப் பார்த்தேன், பொருந்தவில்லை. பயந்தவளாக்கினேன், பேச்சு ஒட்டவில்லை. அவள் பொம்மையை நம்பினாள், அவ்வளவுதான்.

ஹெலனின் சந்தேகம் தீர, ராஜேஸ்வரியே பையிலிருந்து பொம்மையை எடுத்துத் தரையில் கிடத்தினாள். குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற மாதிரி அமுக்கினாள். டிக். டிக். டிக்.

ஹெலன் தன் கையைப் பொம்மை நெஞ்சில் விரித்தாள். “என் கைமேல அமுக்குங்க.”

அமுக்கினாள்.

“வலிக்கலயே மதினி.”

“வலிக்கலாமா? பாவம்லா.”

ஹெலன் கையை எடுக்கவில்லை. இதே பொம்மையை நம்பி எத்தனை வீட்டில் பாஸ் போட்டிருக்கிறோம் என்று அவளுக்கு…

(இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டியது நான் இல்லை.)

5

வாசலில் ஆம்புலன்ஸ். முத்துக்கிருஷ்ணன் எழ மறுத்தார். “நாளைக்கு… தாயி.”

இதற்கு மூன்று முடிவு எழுதினேன்.

ஒன்று: அவர் சரிகிறார், ராஜேஸ்வரி அமுக்குகிறாள், பொம்மைக்கு அமுக்கியதுபோலவே. எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். எனக்கும் இழுப்பு உண்டு. அந்தத் தாளுக்குப் பக்கத்தில் இருக்க முடியவில்லை.

இரண்டு: நாளைவரை தாக்குப்பிடித்து வருகிறார், புள்ளி விழவில்லை, ஹெலனுக்கு நிரந்தர வேலை, எல்லோருக்கும் லட்டு. இதையும் கிழித்தேன். லட்டு தொண்டையில் இறங்கவில்லை.

மூன்றாவதை முகமூடிக்குள்ளிருந்து என் காதால் கேட்டேன். ஹெலன் போனை எடுத்து டாக்டர் நிர்மலாதேவியைக் கூப்பிட்டாள்.

“மேடம், முத்துக்கிருஷ்ணன் அண்ணாச்சி திரும்ப அட்மிஷன்னு எழுதிருங்க. ஆமா மேடம், மாசத்துக்குள்ளதான்.”

“நான் இன்னும்… வரவே… இல்லயே.”

“எழுதியாச்சு அண்ணாச்சி. இனி நீங்க வராட்டாதான் எனக்குப் பொய்க் கணக்கு.”

காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்ததும் முத்துக்கிருஷ்ணன் எழுந்தார்.

“பாழாக்கிட்டியே… பிள்ள,” என்று சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறினார்.

“ஏறுங்க, அப்புறம் ஏசலாம்,” என்று ராஜேஸ்வரி பின்னாலேயே ஏறினாள்.

பிழைத்தாரா? பிழைத்தார். சாயங்காலம் கேன்டீன் காப்பியை, ஒரே மூச்சில், நீளமாகத் திட்டினார்.

6

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் வண்டி போன பிறகு ஹெலன் தெருமுனையில் நின்றதாகச் சொன்னாள். அதைச் சொல்லும்போது என் மருந்து தீர்ந்து, முகமூடியைக் கழற்றி என்னை அனுப்பிவிட்டார்கள். மேற்கொண்டு கேட்கவில்லை.

அவள் கணக்கில் திரும்பி வராதவர்கள் நிறைய. எல்லாம் நல்ல புள்ளிகள். அதில் யார் சுகமாக இருக்கிறார், யார் அவள்மேலுள்ள மரியாதைக்காக வீட்டில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பார்த்தால் ஆராய்ச்சி கெடலாம், வேலையும் போகலாம். எதிரிலேயே ஆமினாள் வீடு. அவளும் திரும்பி வராதவள்.

ஹெலன் கதவைத் தட்டினாள் என்று எழுத எனக்கு ஒரு வரி போதும். எழுதினால் ‘நல்ல பொண்ணு’ என்று மெச்சிவிட்டு நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். தட்டவில்லை என்று எழுதினால் அவளைத் திட்டிவிட்டுத் திருப்புவீர்கள். இரண்டுக்கும் நான் தயாராக இல்லை. வேலை போனால் போகிறவள் அவள், மூச்சு போனால் போகிறவள் ஆமினாள். நானோ பேனாவை மூடிவிட்டுச் சாப்பிடப் போகிற ஆள்.

ஆகவே அவளை ஆமினாள் வாசலில் நிறுத்தியிருக்கிறேன். வெயில் ஏறுகிறது. சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள்.