ஆணி நடுங்கிய பின்னேரம்

இப்போதெல்லாம் ஆட்கள் வருவதற்கு முன் அவர்களுடைய சத்தம் வந்துவிடுகிறது. முன்பு வருகிறவன் வேலிப் படலையில் நின்று செருமுவான். இப்போது அக்கராயன் சந்தியில் கார் திரும்பும்போதே என் வீட்டுத் தகரக் கூரை பதில் சொல்கிறது.

கார் பக்கத்து வீட்டு அனோஜனுடையது. சுவிஸில் இருக்கிற தமையனின் புண்ணியத்தில் இரண்டு மாதத்துக்கு முன் வாங்கிய பழைய கார். பின்பெட்டியில் ஒரு தேங்காய் வைக்கவும் இடமில்லை. நெல்மூட்டை அளவில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி குந்தியிருக்கிறது.

எனக்குக் கவலை கோழியைப் பற்றி. முள்ளியவளையில் மகள் தயாளினியின் கோழிகள் எல்லாம் நோயில் செத்துப்போயின. குஞ்சுகளோடு வருகிறேன் என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, குசினி மூலையில் பழைய தாச்சியில் வைக்கோல் போட்டு, எங்கள் பெட்டைக்கோழிக்குப் பதினொரு முட்டை அடைவைத்தேன். இடி முழங்கினால் முட்டை கூழாகிவிடும். அதற்காக ஒரு கரித்துண்டும் ஓர் இரும்பாணியும் கூடவே வைத்தேன். வானத்து இடிக்கு அது போதும்.

எட்டாம் நாள் பின்னேரம் அனோஜன் கார் கழுவப் பாட்டுப் போட்டான். தாச்சி விளிம்பில் கிடந்த ஆணி ‘ர்ர்ர்’ என்று நடுங்கத் தொடங்கியது. காவலுக்கு வைத்ததே நடுங்கினால் முட்டை என்ன செய்யும்? வேலியடிக்குப் போனேன்.

“டேய், என்ரை முட்டையெல்லாம் கூழாகுது. நிப்பாட்டு!”

“என்னப்பு, முட்டைக்கும் பாட்டுப் பிடிக்கேல்லையோ?”

“பாட்டோ இது? நெல்லு மில்லுக்குள்ளை ஆரோ அழுகிற மாதிரி இருக்கு.”

அவன் சிரித்துக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னக் குமிழைக் காட்டினான்.

“இதுதான் பேஸ் பூஸ்ற். ‘டும் டும்’ எண்ட அடிச்சத்தத்தை மட்டும் தூக்கிக் குடுக்கும். மற்றச் சத்தம் அப்பிடியே நிக்கும்.”

“எவ்வளவு தூக்கி வைச்சிருக்கிறாய்?”

“முழுசா.”

“முன்னுக்கு இருக்கிற பாட்டுச் செற்றிலை?”

“அதிலையும் முழுசா.”

“ஸ்பீக்கரைக் காரிலை பூட்டித் தந்தவன் அப்பிடியோ சொன்னவன்?”

தலையைச் சொறிந்தான். “அவர் பூச்சியத்திலை விடச் சொன்னவர். ரெண்டிலையும் கூட்டினால் சத்தம் கிழியும், ஸ்பீக்கரும் எரியும் எண்டவர்.”

“பிறகேன்டா கூட்டினனி?”

“குமிழ் இருக்குத்தானே அப்பு.”

யூரியாப் பை இருக்குத்தானே என்று முழுவதையும் ஒரே வயலில் கொட்டுகிற பரம்பரை.

இரண்டையும் குறைத்தான். அப்போதுதான் அந்தப் பாட்டுக்குள் ஒரு பெண் பாடுவது கேட்டது. இரண்டு மாதமாக உள்ளே கிடந்து கத்தியிருக்கிறாள், பாவம்.

“இஞ்சாருங்கோ, ஆணி நிண்டிட்டுது!” என்று குசினியிலிருந்து என் மனைவி இரஞ்சிதம் சொன்னாள்.

“கண்டியோ? இனி முட்டைக்கு நீதான் பொறுப்பு” என்றேன்.

அனோஜன் குசினிக்கு வந்து, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போன் லைட்டின் மேலே பிடித்தான். எட்டாம் நாளென்றால் உள்ளே நரம்பு ஓடியிருக்கவேண்டும். பதினொன்றிலும் ஒரு கோடும் இல்லை.

“எல்லாத்தையும் கெடுத்துப்போட்டியேடா!”

“கூழெண்டால் கலங்கியெல்லோ இருக்கும்? இது நேற்று இட்ட மாதிரி இருக்கு” என்றாள் இரஞ்சிதம். “அது சரி, எங்கட சேவல் எங்கை?”

“எந்தச் சேவல்?”

“இவன்ரை கார் வந்த அண்டைக்கு விருந்தெண்டு நீங்கள் அறுத்தது. காலும் கழுத்தும் கேட்டு வாங்கித் திண்டது ஆர்? அயல் சேவல் வந்தாலும், எங்கட தீனியைத் திருட வருகுதெண்டு கல்லெறிஞ்சு கலைக்கிறது ஆர்?”

“சேவல் இல்லாமல் எந்தப் பூஸ்ற் போட்டும் குஞ்சு வராதப்பு” என்றான் அனோஜன். “எங்கட முட்டை தாறன், அடைவையுங்கோ.”

“அந்த இடிக்குள்ளை இட்ட முட்டையோ?”

“எங்கட கோழி காருக்குக் கீழைதான் படுக்கிறது. போன மாதம் பத்துக் குஞ்சு பொரிச்சது.”

“அது செவிட்டுக் கோழி” என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். மகளை இன்னும் மூன்று கிழமை பொறுக்கச் சொல்லலாம் என்று இரஞ்சிதம் கடகத்தை எடுத்துக்கொண்டு அவனோடு முட்டை வாங்கப் புறப்பட்டாள். நான் மறிக்கவில்லை. இன்னோர் ஆணி தேடிக் கொட்டில் பக்கம் நடந்தேன். குமிழ் பூச்சியத்தில்தான் நிற்கிறதாம். நிற்கட்டும். கழற்றவில்லையே.