ஊறுகாய்ப்புல் தின்ற காளைகள்

1934 பிப்ரவரி மாதம் மலாய் நாட்டுக் கெலுகோரில் மழை பெய்யவில்லை. அந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் மார்ச் கடைசியில் வந்தது.

ஆசியா பீவியின் கொட்டிலில் ஐந்து காளைகள் நின்றன. எல்லாம் குர்பானிக்கென்று வளர்த்தவை. எலும்பும் தோலுமான மாடு குர்பானிக்கு ஆகாது. புல் கருகிப்போன அந்த மாதத்தில் மாடு வைத்திருந்தவர்கள் விலாவைத் தடவித் தடவிக் கவலைப்பட்டார்கள். ஆசியா பீவிக்கு அந்தக் கவலை இல்லை. அக்டோபர் மழையில் வளர்ந்த கினிப்புல்லை நறுக்கி, வெல்லத் தண்ணீர் தெளித்து, குழியில் மிதித்து இறுக்கி, மண் போட்டு மூடியிருந்தாள். விவசாய இலாகாக்காரர் ஒருவர் சொல்லித்தந்த முறை அது. வறட்சி தொடங்கியதும் குழியைத் திறந்து, பூஞ்சணம் பிடித்த மேல்பகுதியைக் கழித்துவிட்டு மாடுகளுக்குப் போட்டாள். முதலில் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்ட காளைகள் பிறகு தொட்டியை நக்கின. மார்ச் பிறந்தபோது அவற்றின் முதுகில் சதை மடிந்து கிடந்தது.

புளித்த வாடைதான் வினையாயிற்று.

மாடு பார்க்கப் பள்ளிவாசல் லெபை அலாவுதீனும் சவுரஸ்தா பாசாரில் இறைச்சிக் கடை வைத்திருந்த அப்துல் காதரும் வந்தார்கள்.

“கள்ளுக்கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு,” என்று அப்துல் காதர் மூக்கைப் பொத்தினார். “மாட்டுக்கு ஊறுகாய் சரி, சோறு எங்கே?”

“புல்லுதான் அண்ணே, புளிச்சிருக்கு. தயிரும்தான் புளிக்குது. கள்ளுன்னு கொட்டிடுறீங்களா?”

லெபை சிரிக்கவில்லை. “மாட்டுக்குக் கள்ளு ஊத்துறாங்கன்னு ஊர்ல பேச்சு வந்திருச்சு, ஆசியாம்மா. அசுத்தம் தின்ன மாடுன்னா கட்டிப்போட்டு, வாடை போறவரைக்கும் சுத்தமான தீனி கொடுத்துத்தான் அறுக்கணும். பெருநாள் வரைக்கும் பச்சைப்புல்லு போடுங்க.”

“எங்கே இருக்கு பச்சைப்புல்லு? காட்டுங்க, நானே அறுத்துட்டு வர்றேன். வைக்கோலைப் போட்டா விலா தெரியும். அப்புறம் மெலிஞ்ச மாடு ஆகாதுன்னு நீங்களே சொல்லுவீங்க.”

லெபை தாடியைத் தடவிக்கொண்டார். ஊறுகாய்ப்புல்லை நிறுத்தினாலும் காளைகள் விலைபோகாது, நிறுத்தாவிட்டாலும் விலைபோகாது. ஆசியா பீவி கொட்டிலைப் பார்த்தாள். ஐந்தில் கொழுத்தது ஓரத்தில் நின்ற செம்மறைக் காளை.

“அதை இப்பவே அறுங்க. கறியில வாடை வந்தா மத்த நாலும் வேணாம்.”

“நட்டம்?” என்றார் அப்துல் காதர்.

“எனக்குத்தான் லா. வேற யாருக்கு?”

மறுநாள் அறுத்தார்கள். விலாப்பக்கம் வெட்டிய அப்துல் காதர் நிமிர்ந்தார். “கொழுப்பு மஞ்சளா இருக்கே.”

“புல்லு தின்ன மாட்டுக் கொழுப்பு மஞ்சளாத்தானே இருக்கும். நீங்க பார்க்காததா?”

“அது சரிதான்,” என்று அவர் மறுபடி குனிந்தார்.

மசாலா போட ஆசியா பீவி விடவில்லை. உப்பு மட்டும் போட்டு வேகவைத்தாள். லெபை ஆவியை முகர்ந்தார். ஒரு துண்டைத் தின்றார். இன்னொன்றை எடுத்தார்.

“வாடை இல்லை. நல்லா மெத்துன்னு இருக்கு.” கை மறுபடியும் சட்டிக்குப் போயிற்று.

“சோதனை இன்னும் முடியலை லா,” என்றார் அப்துல் காதர்.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு லெபை பள்ளிவாசலில் விஷயத்தைச் சொன்னார். பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு காளைக்குப் பங்கு சேர்ந்திருந்த ஏழு பேர் மட்டும் மனம் ஒப்பவில்லை என்று எதிர்க்கரையில் இருந்த பத்து காவான் ஊரிலிருந்து வேறு மாடு கொண்டுவந்தார்கள்.

பெருநாளன்று ஆசியா பீவியின் காளைகளில் மூன்று அறுக்கப்பட்டன. ஒன்று கொட்டிலிலேயே நின்றது.