முப்பதாவது ஆரோக்கியக்காரி

புக்காரமாங்கா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்த ஆய்வுக்குக் கர்ப்பிணிகளைச் சேர்ப்பது நர்ஸ் யோலிமாவின் வேலை. நோயில்லாதவர்கள் முப்பது பேர். ரத்தக் கொதிப்பும் சிறுநீரில் புரதமுமாக வருகிறவர்கள் முப்பது பேர். நல்ல கர்ப்பத்திலும் நஞ்சுக்கொடி ஓயாமல் உழைப்பதால் ரத்தத்தில் துரு மாதிரி ஒன்று சேரும், உடம்பே அதைத் துடைத்துவிடும். நோய் கண்டவர்களுக்குத் துடைத்து மாளாது என்று எல்லோருக்கும் ஒப்பிப்பாள்.

"தலைவலின்னா உடனே வரணும். வெயில், அலைச்சல்னு சாக்கு சொல்லக் கூடாது" என்றும் மிரட்டி அனுப்புவாள்.

நோயில்லாதவர்களில் ஒருத்தி குறைந்தாள். யோலிமாவுக்கே அப்போது எட்டாம் மாதம். தன் பெயரையே எழுதிவிட்டு ரத்தக் கொதிப்பு பார்க்க லேப் தோழி ஃபபியோலாவிடம் கையை நீட்டினாள்.

"நூத்தம்பத்தஞ்சுக்கு நூறு" என்றாள் ஃபபியோலா.

"மெஷின் கெட்டுப்போச்சு."

"தலைவலி இருக்காடி?"

"வெயில்ல வந்தேன்ல."

ஃபபியோலா பட்டையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். நூற்றுப்பத்துக்கு எழுபது.

"மெஷினுக்குச் சாட்சியா உன்னையெல்லாம் சேத்துக்க முடியாது. கட்டடம் இடிஞ்சாலும் காப்பி குடிச்சுக்கிட்டிருப்ப" என்ற யோலிமா, அந்தப் பக்கம் வந்த ஆய்வுத் தலைவர் டாக்டர் அன்செல்மோவைப் பிடித்து உட்கார வைத்தாள். நூற்றறுபத்தைந்து.

"பாத்தியா? மெஷின்தான்."

டாக்டர் தரையைப் பார்த்தார். "மெஷின் நல்லாத்தான் இருக்கு, யோலிமா. நான்தான் மூணு நாளா பிரஷர் மாத்திரை போடலை."

யோலிமாவைக் கால்மணி நேரம் படுக்கவைத்துத் திரும்பப் பார்த்தார்கள், குறையவில்லை. சிறுநீரில் தோய்த்த சோதனைத் தாள் பச்சையானது, புரதம்தான். எத்தனையோ பேரின் தாளைப் பார்த்துத் தலையாட்டிய யோலிமா, இதைப் பார்த்ததும் ஃபபியோலாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், முப்பதாவது ஆள் போச்சே" என்று அழுதாள்.

"இன்னொரு பட்டியல்லயும் ஒரு இடம் காலியாத்தான்டி இருக்கு" என்றாள் ஃபபியோலா.

அழுகையோடு சிரித்தபடியே யோலிமா அன்றே வார்டில் சேர்ந்தாள். மூன்று வாரம், அவள் வேலை கற்றுக்கொடுத்த நர்ஸ்களே அவளை அதட்டிப் படுக்கவைத்தார்கள். முப்பத்தேழாம் வாரம் மருந்து கொடுத்து வலி வரவழைத்தார்கள். பெண் குழந்தை, இரண்டேகால் கிலோ, கத்தலில் குறையில்லை.

ஆய்வுக்காக நஞ்சுக்கொடியை லேபுக்கு எடுத்துப்போக வந்த ஃபபியோலாவை யோலிமா நிறுத்தினாள். "காட்டுடி."

ஐஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஆங்காங்கே வெளுத்து, உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தது.

"இத்துனூண்டா? இத வச்சுக்கிட்டா இவ இவ்ளோ நாள் உள்ள இருந்தா?"

"சீக்கிரம் பாரு," என்றாள் ஃபபியோலா. "ஐஸ் உருகுது."