தம்புசாமியின் ஓட்டை வைத்த பெட்டி

1994ஆம் ஆண்டு வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிள்ளானில் ஒரு பெட்ரோல் நிலையத்தில், தம்புசாமியின் காருக்குள் பின்பக்கம் இருந்த சப்வூஃபர் ஒலிப்பெட்டி, "அவங்க தட்டு தூக்க வந்தவங்க, மாமா" என்று அவன் குரலிலேயே சொன்னது. பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, முழுசா நிரப்பவா என்று கேட்டார். வானொலி அணைந்திருந்தது. தம்புசாமிக்குக் காது மடல் இரண்டும் சுட்டன. பெட்டி சொன்ன வாக்கியம் எது, எங்கே சொன்னது, எல்லாம் அவனுக்குத் தெரியும்.

அந்தப் பெட்டியைச் சித்திரையில்தான் மேரு சாலையில் பட்டறை வைத்திருந்த அய்யாவு செய்து கொடுத்தான். அய்யாவு முதலிலேயே விளக்கினான். நாலு பக்கமும் அடைத்த பெட்டி என்றால் சத்தம் கட்டுக்குள் நிற்கும், இடமும் குறைவு, ஆனால் உள்ளே அடைபட்ட காற்றை நெஞ்சு முட்டத் தள்ள வேண்டியிருப்பதால் ஆம்ப்ளிஃபையர் பாவம். ஓட்டை போட்டுக் குழாய் வைத்த பெட்டி என்றால் உள்ளே இருக்கும் காற்றும் வெளியே வந்து சேர்ந்து பாடும், தெருமுனை வரைக்கும் அதிரும். துறைமுகத்தில் கிளார்க் வேலை, முப்பது வயது, கல்யாணம் ஆகாதவன். தம்புசாமி எதைக் கேட்டிருப்பான் என்று சொல்லத் தேவையில்லை. அய்யாவு மூட்டுகளில் சிலிகான் பூசி, ஊதுபத்தி கொளுத்திப் புகை எங்கே கசிகிறது என்று பார்த்து, குழாய் வழியாக மட்டும்தான் வெளியே வருகிறது என்று உறுதி செய்த பிறகே பெட்டியைக் காரில் ஏற்றினான்.

வைகாசியில் பிரிக்ஃபீல்ட்ஸில் பெண் பார்க்கப் போனார்கள். பெண் குணபூசணி, வங்கியில் வேலை. அப்பா சீவரத்தினம் ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பியானோ இருந்தது. மாப்பிள்ளை பக்கம் ஐந்து பேர். அதில் ஒருத்தி தம்புசாமியின் அம்மா வீரம்மா, கேரி தீவுத் தோட்டத்தில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கி, கருத்த விரல்களால் அவனைப் படிக்க வைத்தவள். அதற்கு முன்னால் பத்து வருஷம் துரை பங்களாவில் பாத்திரம் கழுவியவள். பெரிய வீட்டைக் கண்டதும் அந்தப் பழக்கம் காலை இழுத்தது. பழத்தட்டை வைத்துவிட்டுப் பின்பக்கமாகக் குசினிக்குள் போய்க் கண்ணாடிக் குவளைகளைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். தம்புசாமி குசினி வாசல் வரை போனான், பார்த்தான், திரும்பி வந்துவிட்டான். சற்று நேரத்தில் ஐஸ் வாங்க வருங்கால மாமனாரைக் காரில் கூட்டிக்கொண்டு போனபோது அவர் கேட்டார்: "தம்பி, குசினிக்குள்ள கிளாஸ் கழுவிக்கொண்டு நிண்ட அந்த மனுசி ஆர்?"

"அவங்க தட்டு தூக்க வந்தவங்க, மாமா. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, வரல."

பெட்டி அதைக் கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு மேடு பள்ளத்தில் கார் இறங்கினால் சொன்னது. சிவப்பு விளக்கில் நின்றால் சொன்னது. என்ன பாட்டுப் போட்டாலும் தாளத்தோடு சேர்த்துச் சொன்னது. சந்தைக்குப் போனால் பாசார் முழுக்கக் கேட்டது. பத்து நாளில் அய்யாவு குழாயைப் பிடுங்கி, ஓட்டையில் பலகை வைத்துத் திருகி, சிலிகான் பூசினான். பெட்டி வாயை மூடியது. ஆனால் கார் கனக்க ஆரம்பித்தது. தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலை ஒன்றின் லோரி எடை மேடையில் ஏற்றிப் பார்த்ததில் வாரத்துக்கு நாற்பது கிலோ ஏறியது தெரிந்தது. புது ஸ்பிரிங் போட்டான், அதுவும் அமுங்கியது. பெட்டியை இறக்கிவிட்டு நிறுத்தினாலும் கனம் மட்டும் காரை விட்டு இறங்கவில்லை. அய்யாவு கையை விரித்தான்.

"பாஸ், தொறந்து வச்சா ஊருக்கே கேக்கும் லா. அடைச்சா வண்டி தாங்கணும். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும், நான் சொல்ல முடியாது."

அடைத்தே இருக்கட்டும் என்றான் தம்புசாமி. ஆவணியில் கல்யாணம். மணவறையில் அம்மா இடத்தில் நல்லம்மாள் சித்தி நிற்பதாக ஏற்பாடு. சித்தி பள்ளி ஆசிரியை, ஆங்கிலம் பேசுவாள். கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வர, ஆடி மாத ஞாயிறு ஒன்றில், ஒரு பட்டுச்சேலையும் வாங்கிக்கொண்டு கேரி தீவுக்குப் புறப்பட்டான். சேலை எதற்கு என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

தீவுக்குப் போகும் பாலத்தின் வாயில் கார் உட்கார்ந்துவிட்டது. பின்பக்கம் தார் சாலையைத் தொட்டது. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் பின்னால் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. லோரிக்காரர்கள் எட்டுப் பேர் தள்ளியும் அசையவில்லை. யாரோ மோட்டார் சைக்கிளில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், பாலத்தின் மறுகோடியிலிருந்து வீரம்மா தலையில் துண்டோடு நடந்து வருவது தெரிந்தது. தம்புசாமி காரின் பின்கதவைத் திறந்து பெட்டியைப் பார்த்தான். அவள் பாதிப் பாலம் வருவதற்குள் வேறு வழி ஏதும் தோன்றுமா என்றுகூட யோசித்தான், வெட்கம் கெட்டவன். தோன்றவில்லை. திருப்புளியை எடுத்துத் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

இரண்டு மாதம் அடைபட்டிருந்தது ஒரே மூச்சில் வெளியே வந்தது. லோரிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. "அவங்க தட்டு தூக்க வந்தவங்க, மாமா." கார் ஒரு சாண் மேலே எழுந்தது. வீரம்மா பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

"அம்மா," என்றான்.

"குசினி வாசல்ல வந்து பாத்துட்டுத் திரும்பிப் போனியே, அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்பா," என்றாள் வீரம்மா. "அப்புறம் அந்த வீட்டம்மா வந்து, உங்களுக்கு நாள் கூலி எவ்வளவுன்னு கேட்டாங்க. சாப்பாடு போட்டா போதும்மான்னு சொல்லிட்டேன்."

லோரிகள் ஹாரன் அடிப்பதை நிறுத்தியிருந்தன. தம்புசாமி பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எட்டு லோரிக்காரர்களுக்கு முன்னால், முகத்தை மறைக்காமல் அழுதான். பிறகு அம்மாவைக் காரில் ஏற்றி, அங்கேயே வண்டியைத் திருப்பி, ஓட்டையை அடைக்காமல் பிரிக்ஃபீல்ட்ஸ் வரை ஓட்டினான். வழி நெடுகப் பெட்டி சொல்லிக்கொண்டே வந்தது.

சீவரத்தினம் வாசல் கேட்டுக்கு வந்து இரண்டு தடவை கேட்டார். "இது உம்மட குரல்தானே, தம்பி?"

"என் குரல்தான், மாமா. இவங்க என் அம்மா."

அவர் மனைவி தங்கரத்தினம் எட்டிப் பார்த்து, வீரம்மாவை அடையாளம் கண்டு, உள்ளே போய், வெள்ளிச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தாள்.

ஆவணிக் கல்யாணம் தைக்குத் தள்ளிப்போனது. அந்த ஐந்து மாதமும் குணபூசணி அவனோடு பேசவில்லை. கேரி தீவுக்கு மட்டும் பஸ் ஏறி நாலு தடவை தனியாகப் போய் வந்தாள். தையில் மணவறையில் வீரம்மாதான் நின்றாள். பட்டுச்சேலை அவளுக்குப் பொருத்தமாக இருந்தது.

1999இல் பழைய காரை விற்று, பெட்டியைப் புதுக் காருக்கு மாற்றும்போது, வழக்கப்படி அய்யாவு கேட்டான், அடைக்கவா, திறந்தே வைக்கவா என்று. திறந்தே இருக்கட்டும் என்றான் தம்புசாமி. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை ஏற்றிக்கொண்டு வரும்போது, பாலத்து மேட்டில் கார் ஏறி இறங்கும் இடத்தில், பெட்டி அந்த வாக்கியத்தைச் சொல்லும். தம்புசாமிக்கு இன்னும் காது சுடும். பின்சீட்டில் பேசிக்கொண்டு வரும் வீரம்மா, அது சொல்லி முடிக்கும்வரை நிறுத்தியிருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.