சார்ஜுக்கு முன்னால் ஊற்றிய தண்ணீர்

அக்காளைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவர் சின்னவர். சகலைகள் இருவரும் ஒரே கிடங்கில் சரக்குத் தூக்கும் மின்சார ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைப் பராமரிக்கும் மெக்கானிக்குகள். சொந்தத்தில் ஒப்பிட்டுப் பேசுவது போதாதென்று வேலையிலும் இப்படிக் கோத்துவிட்ட புண்ணியவான் யார் என்று கேட்கிறீர்களா? பெரியவரேதான். சின்னவருக்குச் சிபாரிசு செய்ததே அவர்தான்.

இப்போது அவருக்கே வயிறு எரிந்தது. வண்டி மக்கர் பண்ணினால் டிரைவர்கள், "சின்னவரக் கூப்பிடுப்பா" என்றுதான் கத்தினார்கள். சங்கிலிக்கு எண்ணெய் போடுவதும் பிரேக் பார்ப்பதும் பெரியவரும் செய்கிற வேலைதானே? நல்ல பேர் மட்டும் அந்தப் பக்கமே போனது. வீட்டுக்கு வந்தால் மனைவி வேறு, "தங்கச்சி வீட்டுக்காரர் குழாய அவரே மாத்திட்டாராம்" என்பாள். நம் வீட்டுக் குழாய் ஒழுகுவதைச் சொல்லாமல் சொல்கிறாளாம்!

இந்த நேரம் பார்த்துத் தலைமை மெக்கானிக் வேலை காலியானது. இருவரில் ஒருவருக்கு என்று மேனேஜர் சொல்லிவிட்டார், வெள்ளிக்கிழமை அறிவிப்பு. பெரியவருக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழன் மாலை, சின்னவர் ஒரு வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கிளம்பிப் போனார். பெரியவர் சும்மா போயிருக்கலாம். போனாரா? பேட்டரியைத் திறந்து எட்டிப் பார்த்தார். செல்களில் தண்ணீர் மட்டம் இறங்கியிருந்தது.

"மாட்டினடா மகனே!"

பேட்டரியைக் காயவிட்டுப் போய்விட்டான், நான் பார்த்து ஊற்றினேன் என்று நாளைக்கு மேனேஜரிடம் சொன்னால் போதும். சார்ஜரை நிறுத்தினார், கையுறை மாட்டினார், ஒவ்வொரு செல்லிலும் டிஸ்டில்டு வாட்டரைக் கழுத்துவரை ஊற்றினார், மறுபடி சார்ஜைப் போட்டார். விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

சார்ஜ் ஏறி முடிந்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஏறும்போது உள்ளே இருப்பது பொங்கி மேலே வரும். அதனால்தான் சின்னவர் காலையில் ஊற்றிக்கொள்ளலாம் என்று விட்டுப் போயிருந்தார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பெரியவர் இதைச் சொல்வார். பொறாமை கண்ணை மறைத்தால் எது ஞாபகம் இருக்கும்?

காலையில் அமிலம் வழிந்து, வண்டியின் அடிப்பாகமும் தரையும் அரித்துக் கிடந்தன. சின்னவர் முட்டிபோட்டு, சோடா மாவு கரைத்த தண்ணீரை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"யார் பண்ண வேலை இது?" என்று மேனேஜர் கத்தினார்.

சார்ஜ் போடும் அறையின் சாவி சகலைகள் இருவரிடம் மட்டும்தான். சின்னவர் பெரியவரை ஒருதரம் பார்த்தார்.

"நான்தான் சார். ஏதோ ஞாபகத்துல சார்ஜுக்கு முன்னாடியே ஊத்திட்டேன்."

மேனேஜர் அவரைக் காய்ச்சி எடுத்தார். மத்தியானம் பெரியவர் தலைமை மெக்கானிக் ஆகிவிட்டார்.

"ஏன்யா அப்படிச் சொன்னீங்க?" என்று தனியாக இழுத்துக் கேட்டார் பெரியவர்.

"விடுங்க சகல. நீங்க இதுக்கு எவ்வளவு ஆசப்பட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? எனக்கு எதுவா இருந்தாலும் ஒண்ணுதான்."

ஒண்ணுதானாமே! ராத்தூக்கம் கெட்டு ஆசைப்பட்டதை, மிச்சமான துணியைக் கொடுப்பதுபோல் கொடுக்கிறான்! வெளியே வந்தால் டிரைவர்கள், "தப்ப ஒத்துக்கிட்டாரு பாரு, மனுசன்னா அவருதான்" என்கிறார்கள். வாழ்த்துச் சொல்லப் போனில் கூப்பிட்ட மனைவியும், "அவருக்குக் கிடைக்கலைன்னாலும் உங்களுக்காகச் சந்தோஷப்பட்டாராம், என்ன மனசு பாருங்க" என்று முடித்தாள். பெரியவருக்குக் காதில் புகை வந்தது.

விடுவிடுவென்று மேனேஜர் அறைக்குப் படியேறினார். மனசாட்சி உறுத்தியது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெருமையையும் அவனே கொண்டுபோவதா என்ற ஆத்திரம்தான்.

"சார், ஊத்தினது நான். அவருக்குச் சம்பந்தமே இல்ல."

தலைமை மெக்கானிக் வேலை அன்றைக்கே சின்னவருக்குக் கைமாறியது. படியில் எதிரே வந்த சின்னவர் முகம் வாடியிருந்தது.

"ஏன் சகல இப்படிப் பண்ணீங்க?"

"எனக்கும் எதுவா இருந்தாலும் ஒண்ணுதான்" என்றார் பெரியவர். மேற்கொண்டு நின்றால் அழுதுவிடுவோம் என்று பயந்து, சோடா மாவு வாளியை எடுத்துக்கொண்டு மிச்சத் தரையைக் கழுவப் போனார்.