ஆறாம் பக்கம்

எங்கள் ஓனருக்குக் கற்கண்டு என்று பெயர் வைத்தது நான்தான். பேச்சு அப்படி. மாதம் பிறந்ததும் வாசலில் வந்து நின்று, "என்னம்மா, உங்க வீடு எப்படி இருக்கு?" என்பார். உங்க வீடு. அந்த ஒரு சொல்லுக்காகவே ஐந்து வருடம் டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஏற்பாடு இதுதான். வாடகையோடு சேர்த்து மாதாமாதம் கூடுதலாக ஒரு தொகை கட்ட வேண்டும். ஐந்து வருடம் கட்டினால் அந்தக் கூடுதல் தொகையெல்லாம் வீட்டு விலையில் கழியும். மீதிக்கு பேங்கில் லோன் போட்டு வீட்டை எங்கள் பெயருக்கு எழுதிக்கொள்ளலாம். நடுவில் எது ரிப்பேர் ஆனாலும் எங்கள் செலவு. எப்படியும் எங்களுடையதாகப் போகிற வீடுதானே? மொத்த விலைக்கும் லோன் தரமாட்டேன் என்று பேங்க் துரத்திவிட்ட எங்களுக்கு வேறு வழியும் இல்லை.

என் கணவர் டைல்ஸ் போடுகிறவர். அடுத்தவர் குளியலறைகளில் மண்டியிட்டே முட்டி தேய்ந்த மனுஷன், முதல் முறையாகத் தன் வீடு என்று மண்டியிட்டார். வேலை பார்த்த இடங்களில் மிஞ்சிய கல்லைக் கேட்டு வாங்கி வருவார். ஒவ்வொரு லீவு நாளிலும் ஒரு மூலை. சமையலறை, கூடம், படிக்கட்டு என்று இழைத்து இழைத்துப் போட்டார். கூரை ஒழுகியது, சரிசெய்தோம். மோட்டார் போனது, மாற்றினோம். கற்கண்டு தரையைக் காலால் தடவிப் பார்த்து, "கைன்னா இதுதான்யா கை" என்பார். அன்றைக்கு என் கணவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

ஒப்பந்தம் நாலு தாள், இரண்டு பக்கமும் அச்சடித்தது. கையெழுத்துப் போட்ட அன்று கற்கண்டே படித்துக் காட்டினார். படித்த வேகத்தில் பாதி காதில் விழவில்லை. சரி, இதை உயிர் மாதிரி காப்பாற்ற வேண்டும் என்று நான் நேராக லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனேன். நாலு உறை எதற்கு, ஓர் உறைக்குள் இரண்டு தாளாகப் போட்டால் இரண்டே போதும் என்று கடைக்காரருக்கு யோசனை சொன்னதும் நான்தான். மிச்சம் பிடித்தேனாம். பளபளவென்று வந்ததை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். உள்பக்கமாக மாட்டிக்கொண்ட பக்கங்களை இனிமேல் யாரும் படிக்க முடியாது என்பது இந்த மரமண்டைக்கு ஏறவில்லை. இத்தனைக்கும் மருந்துக் கிடங்கில் பெட்டி பெட்டியாகக் காலாவதித் தேதி பார்ப்பதுதான் என் வேலை.

ஐந்து வருடம் முடிந்த அன்று இரண்டு பேரும் இருப்பதில் நல்ல துணியாக உடுத்திக்கொண்டு கற்கண்டின் ஆபீசுக்குப் போனோம்.

"ஐயா, லோனுக்குப் பேசி முடிச்சாச்சு. எப்ப எழுதலாம்?" என்றார் என் கணவர்.

கற்கண்டு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வாங்கிக்கிறோம்னு எழுதிக் கொடுத்தீங்களா?"

"எழுதிக் கொடுக்கணுமா? மாசாமாசம் அதைத்தானே பேசிக்கிட்டு இருக்கோம்."

"பேச்சு வேற. ஆறாம் பக்கம் பாருங்க. முடியறதுக்கு மூணு மாசம் முன்னாடியே எழுத்துல கொடுக்கணும். கொடுக்கலைன்னா வீடு விக்கிற பேச்சே கிடையாது."

"அப்ப நாங்க கூடக் கட்டுன பணம்?"

"அதுவும் வாடகையில போயிடும். அப்படித்தான் போட்டிருக்கு."

அப்போதும் அதே குரல். கொஞ்சம்கூட இனிப்பு குறையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் பிளேடால் உறையின் ஓரத்தைக் கீறினார். ஆறாம் பக்கம் கசங்காமல், அச்சு மங்காமல், புத்தம் புதிதாக இருந்தது. அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறேன். கற்கண்டு சொன்னது அத்தனையும் அதில் இருந்தது. என் கணவர் படித்துவிட்டு என் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். வக்கீலிடம் போனோம். கையெழுத்து உங்களுடையதுதானே என்று கேட்டார், அதற்கு ஃபீஸும் வாங்கிக்கொண்டார்.

மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். கையில் காலணா இல்லை. முதலில் கொடுத்த அட்வான்ஸ் மட்டும் கற்கண்டிடம் இருந்தது. அது வந்தால்தான் வேறு வீடு, இல்லாவிட்டால் தெரு.

"அட்வான்ஸ் எங்கம்மா போயிடப்போகுது" என்றார் கற்கண்டு. "நாளைக்கு ஒரு ஜோடி வீடு பாக்க வராங்க. உங்க வாயால நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க. அப்புறம் அதைப் பேசிக்கலாம்."

வந்தார்கள். அவன் பஸ் டிரைவர், அவள் நர்ஸ். வேலை உடுப்போடேயே வந்திருந்தவள், தரையைப் பார்த்ததும் செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டாள். ஒவ்வோர் அறையாக வாய் பிளந்து பார்த்தாள். ஆண்கள் கொல்லைப்பக்கம் போனதும் சமையலறையில் என்னிடம் நெருங்கி வந்தாள்.

"அக்கா, இவ்வளவு நல்ல வீட்டை ஏன்க்கா விட்டுட்டுப் போறீங்க?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் காலையிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கற்கண்டு என் கணவரின் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். என் கணவரும் சிரித்தார்.

"அவருக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கும்மா" என்றேன்.

"பேப்பர்ல ஏதாவது கவனமாப் பாக்கணுமாக்கா? எங்களுக்குப் பாத்துச் சொல்ல ஆள் இல்ல."

"ஐயா தங்கமான மனுஷர். கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடலாம்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. "உங்களைப் பாத்தப்புறம்தான்க்கா தைரியமே வந்துச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அட்வான்ஸ் மறுநாளே முழுசாக வந்துவிட்டது. ஒருநாள் அவள் என்னைத் தேடி வருவாள். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.